எங்கள் பேப்பர்களை எந்த மாநிலம் பார்க்கும்? வெளிநாட்டு வேலை உதவி மைய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெளிநாட்டு வேலை உதவி மையங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

ஐயா, அம்மா,

இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் உங்கள் மையத்து வாசலில் ஒட்டியிருக்கும் புதிய அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். "பிற மாநிலங்களில் படித்துப் பதிவு பெற்றவர்கள் அந்தந்த மாநில அலுவலகத்தை அணுகவும்." ஒரே வரி. எழுதியவருக்கு அது வேலையைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடாகத் தோன்றியிருக்கும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, இதை ஒவ்வொரு போனிலும் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது) கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, ஒழலப்பதி, நாட்டுக்கல் பக்கம் இருக்கிற எங்களுக்கு அந்த ஒரு வரியோடு கதவு சாத்தியாகிவிட்டது. இங்கே தமிழ் பேசும் வீடுகளில் மேல்படிப்புக்குக் கோயம்புத்தூரும் பொள்ளாச்சியும் போகாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டுவிட்டு அதை ஒட்டியிருக்கலாம்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். பி.எஸ்சி நர்சிங் படித்தது கோவையில், பட்டம் சென்னை கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடையது, பதிவு தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில். வீடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். ஓட்டு, ரேஷன் கார்டு, ஆதார் முகவரி எல்லாம் கேரளம். வேலை கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியுவில். வீட்டுக்காரர் டிக் வெல்டர், பைப் வேலையில் நல்ல கை, அவருக்கும் பட்டறை கோவைப் பக்கம்தான். காலையில் வேலந்தாவளம் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், பாதிப் பேர் எங்களைப் போலத்தான் இருப்பார்கள். ஒரு மாநிலத்தில் தூங்கி இன்னொரு மாநிலத்தில் வேலை செய்வது எங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை, வெளிநாடு போக பேப்பர் தயார் செய்ய ஆரம்பிக்கும் வரைக்கும்.

சரி, பலகையில் சொன்னபடி அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு அலுவலகத்துக்குப் போனேன். நைட் டூட்டி முடித்து, முகம் கழுவிக்கொண்டு நேராகப் போய் நின்றேன். அங்கே இருந்தவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நிரந்தர முகவரி கேரளம்னு இருக்கேம்மா, நீங்க அங்கதான கேக்கணும்" என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், உட்காரச் சொன்னார். திரும்பி வந்து உங்களிடம் சொன்னபோது உங்கள் ஊழியரும் மரியாதையாகத்தான் அந்தப் பலகையைக் கை காட்டினார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன், இரண்டு இடத்திலும் எழுதித் தர மறுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு தாளை இன்னொரு தாளோடு சேர்த்து மேலே யாரிடமாவது நீட்டியிருப்பேன். வாயால் சொன்னதை எங்கே நீட்டுவது?

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாகக் கோடு போட்டபோது செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்களும் அந்தப் பக்கம் போயின, தேவிகுளம், பீர்மேடு, சித்தூரெல்லாம் இந்தப் பக்கம் நின்றன. அதில் எங்களுக்கு இப்போது வருத்தம் ஒன்றும் இல்லை, மூன்றாம் தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் அளந்து ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூருக்கு விட வேண்டும் என்று இரண்டு அரசுகளும் உட்கார்ந்து கணக்குப் போட்டு, சண்டை வந்தாலும் மறுபடி உட்கார்ந்து பேசி, இத்தனை வருடமாக ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? தண்ணீருக்கே அளவு வைத்துப் பங்கு போட முடிகிறது. ஒரு நர்ஸின் சர்டிபிகேட்டை எந்த அலுவலகம் பார்க்க வேண்டும் என்று பேசி முடிக்க மட்டும் ஏன் முடியவில்லை?

நீங்கள் ஒரு விண்ணப்பத்தைப் பார்க்கும்போது ஓர் ஆளைத்தான் பார்க்கிறீர்கள். ஆள் யார், படிப்பு என்ன, எந்தக் கவுன்சில். நாங்கள் போக நினைப்பது நான்கு பேர். எங்கள் கல்யாணம் ஆனைமலையில் நடந்தது, அதனால் திருமணப் பதிவு தமிழ்நாட்டில். பெரியவள் பிறந்தது கோவை ஆஸ்பத்திரியில், பிறப்புச் சான்றிதழ் அங்கே. சின்னவன் பாலக்காட்டில் பிறந்தான், அவனுடையது இங்கே. இரண்டு பேரும் படிப்பது இங்கே அரசுப் பள்ளியில், தமிழ் மீடியம். குடும்ப விசா என்று வரும்போது இத்தனையும் ஒரே ஃபைலில் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எந்தச் சான்றிதழை எந்த மாநிலம் கொடுத்ததோ அந்த மாநிலம்தான் முதல் அட்டெஸ்டேஷன் (சான்றொப்பம்) போட வேண்டும், அதற்கு மேல்தான் வெளியுறவு அமைச்சகம். விதி அப்படி, அதில் தவறு சொல்லவில்லை. ஆனால் அதன்படி பார்த்தால் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற ஒரே ஃபைலுக்குள் இரண்டு மாநிலமும் இருக்கிறது, உங்கள் பலகைப்படி எங்கள் மகளும் மகனும் வேறு வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

பெயர் விவகாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பாதி ஃபைல்கள் இதில்தான் நிற்கின்றன. என் அப்பா பெயர் பழனிச்சாமி. ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தப் பக்கத்து ரேஷன் கார்டில் ழகரத்துக்கு இசட்-எச் போட்டிருக்கிறார்கள். நான் பன்னிரண்டாவது படித்த பொள்ளாச்சிப் பள்ளியின் மார்க் ஷீட்டில் எல். நர்சிங் கவுன்சில் பதிவில் வெறும் பி என்ற இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகிவிட்டது, அதனால் வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற மெயிலில் எல்லாம் என்னை மிஸஸ் பழனிச்சாமி என்றுதான் கூப்பிடுகிறான். அப்பா இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கேரள வருவாய்த் துறையில் ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட் என்று ஒன்று தருகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குப் போனால், "மார்க் ஷீட் தமிழ்நாடு கொடுத்தது, அதில் இருக்கிற ஆள் நீங்கதான்னு நான் எப்படிச் சொல்றது" என்று கேள்வி வருகிறது. தமிழ்நாட்டில் போய்ப் பெயரைத் திருத்தலாம் என்றால் கெசட், பிரமாணப் பத்திரம், முகவரிச் சான்று. முகவரி? கேரளம். இப்படியே சுற்றி வரலாம்.

இதற்கிடையில் காலாவதி ஆகிற கணக்கு வேறு ஓடிக்கொண்டிருக்கிறது, அதை உங்கள் மேசையில் யாரும் எழுதி வைத்திருப்பதாகத் தெரியவில்லை. நர்ஸ்கள் எழுதுகிற ஓஇடி ஆங்கிலத் தேர்வுக்கு 587 ஆஸ்திரேலிய டாலர், நம் காசுக்கு முப்பதாயிரத்துக்கு மேல். அந்த மதிப்பெண்ணைப் பெரும்பாலான இடங்களில் இரண்டு வருடத்துக்குத்தான் ஏற்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் என்கிற இன்னொரு ஆங்கிலத் தேர்வும் இரண்டு வருடம். போலீஸ் சான்றிதழ், மெடிக்கல் எல்லாம் மாதக் கணக்கு. வீட்டுக்காரருடைய வெல்டர் சர்டிபிகேட்டை ஆறு மாதத்துக்கு ஒரு முறை முதலாளி பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உயிரோடு இருக்கும், அந்தக் கையெழுத்தைக் கேட்கப் போனால் "எங்க கிளம்பிட்ட?" என்று முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிடும். நீங்கள் ஒரு தாளைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு முறையும் இன்னொரு தாள் காலாவதிக்கு நெருங்குகிறது. காசு இருக்கிறவன் மறுபடி கட்டி மறுபடி எழுதுவான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாதம் வாங்குவது நாற்பதாயிரத்துச் சொச்சம், அதில் வீட்டு லோன், அத்தையின் மருந்து, பிள்ளைகள் எல்லாம் போக நிற்பதில்தான் இந்தக் கட்டணங்கள்.

எவ்வளவு காசு வேண்டும் என்பதை நாங்களாகத்தான் தேடித் தெரிந்துகொண்டோம், அதையும் கொஞ்சம் கேளுங்கள். கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற நிரந்தரக் குடியேற்ற வழியில் போக நினைத்தால், அங்கே வேலை கையில் இல்லாத நான்கு பேர் குடும்பம் 2024-ல் 27,297 கனடா டாலர் கையிருப்பு காட்ட வேண்டியிருந்தது. பதினாறு லட்சத்துக்கு மேல். அது கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது. விண்ணப்பக் கட்டணம் தனி, அப்போது பெரியவர் ஒருவருக்கு 1,525 டாலர், பிள்ளைக்கு 260. எங்களைப் போன்றவர்கள் கனடாவை அந்த முதல் எண்ணிலேயே மூடி வைத்துவிடலாம். பிரிட்டன் பரவாயில்லை, திறனாளர் விசாவில் கையிருப்பாகத் தனக்கு 1,270 பவுண்டு, துணைக்கு 285, முதல் பிள்ளைக்கு 315, அடுத்த பிள்ளைக்கு 200, ஆக நான்கு பேருக்கு 2,070 பவுண்டு, அதுவும் வேலை கொடுப்பவர் பொறுப்பேற்றால் தேவையில்லை. நர்ஸ் என்றால் குடும்பத்தைக் கூட்டிப்போகவும் முடியும். வளைகுடாவில் கதை வேறு. எமிரேட்சில் குடும்பத்தை வரவழைக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம் வேண்டும், இல்லையென்றால் 3,000 திர்ஹாமும் கம்பெனி கொடுக்கும் வீடும். சாதாரண வெல்டருக்கு அந்தச் சம்பளத்தில் எத்தனை கம்பெனி வேலை தருகிறது? அதனால்தான் எங்கள் பக்கத்தில் வெல்டர்கள் போனால் தனியாகப் போகிறார்கள், பிள்ளைகள் வளர்வதை வீடியோ காலில் பார்க்கிறார்கள். ஜெர்மனிக்கு நர்ஸாகப் போனால் பதிவு முழுதாகக் கிடைக்கும் வரை உதவியாளர் சம்பளம்தான், பெரும்பாலும் பி2 (நடுத்தரத்துக்கு மேல்) அளவுக்கு ஜெர்மன் மொழி வேண்டும், குடும்பம் வர வேண்டுமென்றால் சம்பளம் அதற்குப் போதுமா என்று பார்ப்பார்கள். அதாவது முதல் ஒன்றிரண்டு வருடம் இரண்டு குடித்தனம் நடத்துகிற செலவு.

இந்த வித்தியாசங்கள்தான் ஒரு குடும்பம் எந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கும் என்பதை முடிவு செய்கிறது. உங்கள் விழிப்புணர்வுக் கூட்டத்தில் இதில் ஒரு வார்த்தை வரவில்லை. "ஏமாறாதீர்கள், அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்டை மட்டும் அணுகுங்கள்" என்று ஒரு மணி நேரம் சொன்னீர்கள். அதையும் மலையாளத்தில் மட்டும். எனக்கு மலையாளம் தெரியும், பேசுவேன், வார்டில் பேசியிருக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வடகரப்பதிக்காரருக்கு இன்ஷூரன்ஸ், ஒப்பந்தம் என்று வந்த இடமெல்லாம் நான்தான் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏஜென்ட் பற்றிச் சொன்னீர்களே, அதற்கும் வருகிறேன். இரண்டு அரசு வாசலும் மூடினால் ஆள் எங்கே போவார்? மாடிப்படி ஏறி, மொபைல் கடைக்கு மேலே இருக்கும் அறைக்குத்தான் போவார். நாங்களும் போனோம். சுவரில் உலகப் படம், கண்ணாடி மேசை, ஏசி. அந்த ஆள் நல்ல தமிழில், நல்ல மலையாளத்தில் பேசினார். எந்த மாநிலச் சர்டிபிகேட் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சிஸ்டர், நீங்க லாங்குவேஜ மட்டும் பாருங்க." இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜனம் காசு கொடுக்கிறது. கேட்டது ஆறு லட்சம், மூன்று தவணையில். சட்டப்படி ஏஜென்ட் வேலை தேடுகிறவரிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 35,400, அதற்கு ரசீது தர வேண்டும். இதை நான் சொன்னதும் அவர் கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டே, "சர்வீஸ் சார்ஜ் நாங்க அதவிடக் கம்மியாதான் போடுறோம், மிச்சம் ட்ரெய்னிங் ஃபீஸ்" என்று ஒரு ரசீதுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். முன்னால் கட்டியவர்களின் ரசீதுகள். எல்லாவற்றிலும் பயிற்சிக் கட்டணம், பயிற்சிக் கட்டணம். ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பெயரைத் தேடினேன், பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியலில் இல்லை. பயிற்சி நிலையம் என்று போர்டு வைத்துக்கொண்டால் யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னார், அந்த இடத்தில் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். எழாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2015-ல் குவைத்துக்கு நர்ஸ்களை எடுத்ததில் தலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கினார்கள் என்று கொச்சியில் சிபிஐ வழக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதே வருடம்தான் எமிகிரேஷன் சோதனை தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. அரசு வழிதான் ஏழை நர்ஸுக்குப் பாதுகாப்பு என்று அரசே ஒப்புக்கொண்ட நாள் அது. அப்படி ஒப்புக்கொண்டுவிட்டு அந்த வழியின் வாசலில் 'உன் சர்டிபிகேட் எந்த ஊர்' என்று கேட்டால் நாங்கள் அந்த மாடிப்படிக்குத்தான் போக வேண்டும்.

நாட்டுக்கல் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தென்னந்தோப்பில் ஒரு பகுதியை அடமானம் வைத்து, நகையை வைத்து, 2023 கடைசியில் வீட்டுத் தலைவர் பிரிட்டனுக்குக் கேர் வொர்க்கர் (முதியோரையும் முடியாதவர்களையும் கவனிக்கும் வேலை) விசாவில் போனார். பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்ததாகச் சொன்னார்கள். ஏஜென்ட் சொன்னது, "நீங்க முதல்ல போங்க, ஆறு மாசத்துல வொய்ஃபும் குழந்தையும் வரலாம்." 2024 மார்ச் 11 முதல் கேர் வொர்க்கர்கள் குடும்பத்தைக் கூட்டிவரும் வழியை அந்த நாடு அடைத்துவிட்டது. ஏற்கனவே உள்ளே இருந்தவர்களுக்குச் சலுகை உண்டு என்றார்கள், ஆனால் அவரை எடுத்த கம்பெனிக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்க இருந்த லைசென்ஸே பறிபோய்விட்டது. அப்படி ஆனால் 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் கம்பெனி) தேட வேண்டும். குளிரில், தெரியாத ஊரில், ஒவ்வொரு முதியோர் இல்லமாக மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார். புதிய ஸ்பான்சர் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது, ஆனால் மனைவியும் குழந்தையும் இன்னும் இங்கேதான். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து கேர் வொர்க்கர்களைப் புதிதாக எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் "யுகே கேர் விசா, உடனே அணுகவும்" என்ற நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தோப்பு இன்னும் மீட்கப்படவில்லை. இந்த இரண்டு தேதிகளையும் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து, ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலும் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

வங்கிக்கும் போனோம். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு வெளிநாட்டில் முதுகலை படிக்க 7.5 லட்சம் கல்விக் கடன் அடமானம் இல்லாமல் கிடைத்திருக்கிறது, அதற்கு அரசு உத்தரவாதம் இருக்கிறது. சந்தோஷம், படிக்கட்டும். அவன் படித்து முடித்து வேலை கிடைக்குமா என்பது அவனுக்கே தெரியாது. பத்து வருடத்துக்கு மேல் ஐசியுவில் நின்ற நர்ஸுக்கு மொழித் தேர்வு, பதிவுக் கட்டணம், விசா என்று மூன்று லட்சம் கேட்டால், "அப்படி ஒரு ஸ்கீம் இல்லையேம்மா, நகை இருக்கா?" என்றார் மேனேஜர். இருந்தது, ஐந்து பவுன். அதை வைத்துத்தான் ஜெர்மன் வகுப்பும் தேர்வும். மாணவனுக்குக் கடன் கொடுப்பது முதலீடு என்றால், கையில் தொழிலோடு போகிறவருக்குக் கொடுப்பதை என்னவென்று சொல்வது?

'இங்கேயே இருந்து சேவை செய்யக்கூடாதா' என்று ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார், நீங்களும் தலையாட்டினீர்கள். உச்ச நீதிமன்ற உத்தரவில் அமைத்த குழு, சிறிய தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000-க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே சொன்னது. என்னோடு வேலை செய்கிற புதுப் பெண்களின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

வேண்டாத ஆட்களாகவும் நாங்கள் போகவில்லை. 2024 அக்டோபரில் ஜெர்மனி இந்தியத் திறனாளர்களுக்கு விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக டெல்லியில் வைத்தே சொன்னது. காசு வாங்காமல் நர்ஸ்களை ஜெர்மனிக்கு அனுப்புகிற டிரிபிள் வின் ஒப்பந்தத்தைக் கேரளம் 2021 டிசம்பரிலேயே போட்டிருக்கிறது. இப்படி ஒரு வழி இருப்பதே எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பலருக்கு, ஏஜென்டிடம் காசு கட்டிய பிறகுதான் தெரிய வருகிறது.

இனி நான் கேட்பது.

அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள். வசிக்கும் இடமோ படித்த இடமோ, இரண்டில் எது உங்கள் மாநிலமாக இருந்தாலும் விண்ணப்பத்தை வாங்குங்கள். உங்களால் முடியாது என்றால் காரணத்தை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுங்கள். வாய் வார்த்தையாகத் திருப்பி அனுப்புவதை இரண்டு அலுவலகங்களும் நிறுத்த வேண்டும், இதை முதலில் செய்யுங்கள், இதற்குப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை.

மாதத்தில் ஒரு நாள் கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ இரண்டு மாநில அலுவலர்களும் ஒரே மேசையில் உட்காருங்கள். அட்டெஸ்டேஷனுக்கு வரும் சான்றிதழ்களை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், பெயர் எழுத்து மாறிய ஃபைல்களை வருவாய்த் துறை ஆளையும் வைத்து அங்கேயே தீர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது, டூட்டியை மாற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சம்.

குடும்பக் கணக்கை ஒரு தாளில் போடுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் கிளம்பும் முன் எவ்வளவு, எதற்கு, எந்த வரிசையில், எந்தத் தாள் எப்போது காலாவதி ஆகும், குடும்பம் எப்போது சேர முடியும், முடியாது என்றால் முடியாது என்று. விதி மாறிய தேதியை மேலே போட்டு, மாறும்போதெல்லாம் புதுத் தாள். தமிழிலும் வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களின் மொழித் தேர்வுக்கும் பதிவுக்கும் விசாவுக்கும் அடமானமில்லாத கடன் ஒன்று எங்கள் ஊர் வங்கிக் கிளையிலும் கூட்டுறவு வங்கியிலும் கிடைக்கிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். கல்விக் கடனுக்கு இருக்கிற உத்தரவாதத்தில் பாதி இருந்தால்கூடப் போதும். அப்புறம், பயிற்சிக் கட்டணம் என்று ரசீது போடுகிற அறைகளுக்கு ஆளை அனுப்பிப் பாருங்கள். முகவரி வேண்டுமென்றால் நேரில் தருகிறேன், புகார் கொடுத்தவர் பெயர் அந்த அறைக்குப் போகாது என்று நீங்கள் உறுதி கொடுத்தால்.

கடைசியாக, இந்தக் கடிதத்தின் அச்சுப் பிரதியைப் பதிவுத் தபாலில் இரண்டு அலுவலகங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். கேரளத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு ஒரு நினைவூட்டல்: 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம். எனக்குப் பதில் தமிழில் வர வேண்டும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து